குடை தொடர்பாக

குடையைப் பற்றிய கடிதத்தைப் படிக்க வக்கீலம்மாவுக்குக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பதில் எழுத இன்னொரு கால் மணி. பதில் போய்ச் சேர்ந்ததா என்று எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்க இன்னும் ஒரு கால் மணி. ஆக, ஒரு குடைக்காக முக்கால் மணி நேர வக்கீல் வேலை. குடையாவது நல்ல குடையா என்றால் அதுவும் இல்லை. கம்பி ஒன்று வெளியே துருத்திக்கொண்டு, பிடித்தவளைத் தவிர மற்ற எல்லாரையும் மழையிலிருந்து காப்பாற்றுகிற குடை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் வக்கீலம்மா கொடுத்த பில்லை மடித்தாள், பிறகு மறுபடியும் பிரித்தாள். மடித்து வைத்ததில் தொகை ஒன்றும் குறைந்திருக்கவில்லை.

"குடை தொடர்பாகன்னு மூணு தடவை போட்டிருக்கீங்க மேடம்," என்றாள்.

வக்கீலம்மா மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஆமா. மூணும் வேற வேற வேலைதானே."

வக்கீலம்மா நல்லவர்தான். அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை சுருக்கென்று சொல்லிவிட்டாவது வந்திருக்கலாம். இவரோ ஒளிவுமறைவு இல்லாமல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து விளக்கினார். கடிகாரத்தைக் கால் மணி கால் மணியாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டைத் தொட்டால் முழுத் துண்டுக்கும் காசு. முழுதாகத் தின்றாயா, நுனியைக் கடித்துப் பார்த்தாயா என்பதெல்லாம் கணக்கில் வராது. பில்லின் நடுவில் 'தொலைபேசி உரையாடல், கட்சிக்காரர் நன்றி தெரிவித்தல்' என்று ஒரு வரி இருந்தது.

"நன்றி சொல்லக் கூப்பிட்டதுக்குமா?"

"ரெண்டு நிமிஷம் பேசினாலும் கால் மணிதான். முதல் நாளே கையெழுத்து வாங்கினோமே, அந்தத் தாள்ல இருக்கு."

இருந்தது. நாலாவது பக்கத்தில், பொடி எழுத்தில். ஊரில் உள்ளவர்களை எல்லாம் பொடி எழுத்து வாசிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவள், தன் முறை வந்தபோது வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்றைக்கு அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளிடம் நாலு பக்கத்தைக் கொடுத்தால் எந்த வரி கண்ணில் படும்.

"இப்ப நாம பேசிட்டு இருக்கறது?"

"பில்லப் பத்திப் பேசினா சார்ஜ் இல்ல," வக்கீலம்மா சிரித்தார். "கேஸப் பத்திப் பேசினாதான்."

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. பேச்சு நடுவில் தவறிப்போய் கேஸ் வந்து விழுந்துவிட்டால்? வக்கீலம்மாவின் கண்ணாடி மறுபடியும் சறுக்கியது. காதுப்பக்கத்து ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, அரைத் திருப்பு திருப்பினால் போதும் என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. தான் வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையாக இருந்தால் கேட்காமலே வாங்கி முடுக்கிக் கொடுத்திருப்பாள், காசும் வாங்கியிருக்க மாட்டாள். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சறுக்கட்டும்.

வக்கீலம்மாவே இரக்கப்பட்டுப் பேனாவை மூடி வைத்தார். "இது நானா சொல்றேன், கணக்குல வராது. உங்க வீட்டுக்காரருக்கு வக்கீல் அவரோட மாமா பையன்தானே? ஃபீஸ் வாங்கறாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த மாமா பையன் மூன்று முறை காரை இடித்திருக்கிறான், மூன்று முறையும் இன்சூரன்ஸில் முழுத்தொகை கிடைக்க வழி சொல்லிக் கொடுத்தவர் அவள் வீட்டுக்காரர்தான். "வாங்க மாட்டாரு."

"அதான் விஷயம். அங்க கேள்வி கேக்கறதுக்குக் காசு கிடையாது. இங்க பதில் சொல்றதுக்குத்தான் காசு. மீட்டர் உங்க பக்கம் மட்டும் ஓடுது."

"பதில் சொல்லாம விட்டா?"

"சொத்த மறைக்கறாங்கன்னு எழுதுவாங்க. பேசி முடிக்க வேண்டியது வழக்கா மாறிடும். அப்புறம் இந்தக் கால் மணிக் கணக்கெல்லாம் உங்களுக்கு மலிவாத் தெரியும்."

"குடை சொத்தா மேடம்?"

"கேட்டுட்டாங்கன்னா சொத்துதான்."

கிளம்பும்போது வக்கீலம்மா கதவு வரை வந்தார். பிரிவதற்கான ஒப்பந்தம் தயாராக இருக்கிறது, இவள் கையெழுத்துப் போட்டாயிற்று, வீட்டுக்காரர் போட வேண்டியதுதான் பாக்கி. மூன்று பிரதிகளை உறையில் போட்டுக் கொடுத்து, மாமா பையன் ஆபீஸில் கொடுத்துவிடச் சொன்னார். ஆள் விட்டு அனுப்பினால் அதற்கும் பில் வரும் என்பதால் அவளே வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவரோட நேர்ல பேசிடாதீங்க. நீங்க ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு எழுத, அந்தச் சிக்க நான் உக்காந்து அவுக்கணும்." எத்தனை கால் மணி என்று இருவருமே சொல்லவில்லை.

அவள் கண்ணாடிக்கடையில் கண் பார்க்கிறவள். டாக்டர் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள். கடை வாசலில் 'கண் பரிசோதனை இலவசம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். உள்ளே இருட்டறை. ஆளை உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? முதல்ல போட்டதா, ரெண்டாவதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். சிலருக்கு முடிவெடுக்கவே வராது. ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கே என்பார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சிலருக்கு வியர்த்துவிடும். தப்புன்னு ஒண்ணும் கிடையாது, மெதுவாச் சொல்லுங்க என்று அவள் காத்திருப்பாள். அந்தப் பொறுமைக்கென்றே அடுத்த தெருக்கடையை விட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் உண்டு.

வக்கீலம்மாவின் கால் மணி என்பது அவளுடைய அரை நாள் சம்பளம். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை. அப்படிப் பார்த்தால் குடைக்காக ஒன்றரை நாள் நின்றிருக்கிறாள். ஏணி தொடர்பாக இரண்டு நாள். சுவர்க் கடிகாரம் தொடர்பாக, அது அவள் அப்பா கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டி வந்ததால், மூன்றரை நாள்.

இருந்தது ஒரே பணம். அதைத் தின்ன வாய் இரண்டு. அச்சகம் ஒன்றின் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். கீழே அச்சு இயந்திரம் ஓடினால் தரை லேசாக அதிரும், அதனாலேயே வாடகை குறைவு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், அதற்கு மேல் கொஞ்சம் வானம். அவளுக்குப் பிடித்திருந்தது. முன்பணம் கொடுக்க மாதக் கடைசி வரை பொறுப்பதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதுவரை அக்கா வீடு. அங்கே வாஷிங் மெஷின் இருக்கும் அறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். விடிந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் துணிக்கூடையோடு வந்து நின்று, "எழுப்பிட்டனா? அப்புறம் வரட்டுமா?" என்று கேட்பார். பாவம், நல்ல மனுஷன். ஆனால் தினமும் கேட்பார். "இது உன் வீடுடி," என்று அக்கா சொல்வாள். சொந்த வீட்டில் இருப்பவளிடம் யாரும் அதை இத்தனை தடவை சொல்ல மாட்டார்கள்.

ஏன் பிரிகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. குடிக்கிறாரா? இல்லை. அடிக்கிறாரா? கை ஓங்கியதுகூட இல்லை. வேறு யாராவது? அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது. அவர் கேள்வி கேட்பார், அவ்வளவுதான் என்று ஒருமுறை சொன்னாள். அக்காவே சிரித்துவிட்டாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் மட்டும் சிரிக்கவில்லை. நீங்களே பேசிக்கோங்கம்மா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எப்படி இடித்தது, எந்தப் பக்கம் இடித்தது, அப்போது வண்டி நின்றதா ஓடியதா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் பாதித் தொகையை வெட்டுகிற வேலை. அந்த வேலையை அவர் ஆபீஸில் விட்டுவிட்டு வருவதில்லை. பால் ஏன் தீர்ந்தது, எப்போது தீர்ந்தது, தீரப்போகிறது என்று தெரிந்தும் ஏன் வாங்கவில்லை. வழக்கமாக வரும் பஸ் வந்ததா, வந்தது என்றால் ஏன் தாமதம். சந்தேகப்படுகிற மனுஷன் இல்லை, அதுதான் கொடுமை. சந்தேகம் என்றால் அதில் ஒரு சூடாவது இருக்கும். இவருக்கு விவரம் வேண்டும், கட்டம் நிரம்ப வேண்டும். அவள் அம்மா போன அன்று, எல்லாம் முடித்து வீடு திரும்பி, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். "மூச்சு நின்னப்ப மணி என்ன இருக்கும்? பக்கத்துல யாரு இருந்தா?" என்றார். சொன்னாள். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார், ஃபைலை மூடுகிற மாதிரி.

அன்றிலிருந்து அவள் பதில்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஆயின. முழு வாக்கியம் பாதியாயிற்று, பாதி ஒற்றைச் சொல்லாயிற்று, அது 'ம்' ஆகி, பிறகு அதுவும் இல்லை. அவர் அதற்காகக் கேட்பதை நிறுத்தவில்லை. பதில் வராத வீட்டில் கேள்விகள் மட்டும் அங்கங்கே நின்றுகொண்டிருந்தன. வருஷக்கணக்கில் அப்படி ஓடியது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவருடைய தங்கை ஒருமுறை காதில் விழும்படிச் சொன்னாள்.

பில் வாங்கி வந்த மறுநாள் கடைக்கு ஒரு வயதான அம்மாள் வந்தார். பழகினவர். கண் பார்க்க வருவது பாதி, பேச வருவது பாதி. மகன் ஃபோன் செய்வதில்லை, செய்தாலும் பின்னால் டிவி சத்தம் கேட்கிறது என்று தொடங்கினார். இவள் கேட்டுக்கொண்டே கண்ணாடியைச் செருகினாள், மாற்றினாள். நடுவில் தன் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போவதைக் கவனித்தாள். மகன் தொடர்பாக, ஒன்று. டிவி தொடர்பாக, இரண்டு. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, "அவசரமா டாக்டர்? நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்றார். இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இல்லம்மா, சொல்லுங்க என்றாள். ஆனால் அந்த அம்மாள் அதற்கு மேல் மகனைப் பற்றிச் சொல்லவில்லை. முதல்லதான், ரெண்டாவதுதான் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டுப் போனார். வக்கீல் செலவு என்று பில்லில் போட்டிருந்ததில் இது சேரவில்லை. இதையும் அவள்தானே கட்டுகிறாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

மாலையில் வக்கீலம்மாவின் ஆபீஸிலிருந்து ஃபோனுக்குக் கடிதம் வந்தது. மாமா பையன் கையெழுத்து, ஆனால் ஒவ்வொரு வரியும் சர்வேயருடையது. வரிசை எண் போட்டுப் பதினொரு கேள்விகள். ஏணி யாரிடம் கொடுக்கப்பட்டது, கொடுத்தபோது அதன் நிலை என்ன. அலமாரியின் மூன்றாவது சாவி எங்கே. குக்கரின் வெயிட்டை எடுத்துச் சென்றது தெரிந்தா தெரியாமலா. குடை குறித்து அளிக்கப்பட்ட 'தொலைந்துவிட்டது' என்னும் பதில் போதுமானதாக இல்லை, எங்கே, எப்போது, எந்தச் சூழ்நிலையில் தொலைந்தது.

அச்சகத்து மாடிக்குச் சொந்தக்காரரும் அன்றைக்கே கூப்பிட்டார். வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் நல்லது என்றார். அவள் பதினொன்றை மூன்றால் பெருக்கினாள். பெருக்கி வந்த கால் மணிகளைப் பணமாக்கினாள். அச்சகத்து மாடி, ஜன்னல், அந்தக் கொஞ்சம் வானம் எல்லாம் சேர்ந்து சரியாக அந்தத் தொகைக்குள் போய்விட்டன.

"தலையச் சுத்தி மூக்கத் தொடற," அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கற மனுஷனுக்கு ஏணி எங்கன்னு சொல்றதுக்கு ரெண்டு வக்கீலா? நேர்ல போய்ச் சொல்லித் தொலையேன்டி."

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு? பேசினா காசு வாங்கறவங்களா?"

அவள் இன்னும் கொண்டுபோய்க் கொடுக்காத உறையைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்த சர்வேயர் இன்னும் ஆபீஸ் சட்டையைக் கழற்றியிருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வக்கீல்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்பதுதான்.

"இல்ல."

"அப்ப இது எந்தக் கணக்குல வரும்?"

"ஒரு கணக்குலயும் வராது. உள்ள வரலாமா, வேண்டாமா?"

வழிவிட்டார். வீடு சுத்தமாக இருந்தது, அவள் இருந்தபோது இருந்ததைவிட. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், பக்கத்தில் கிளிப் போட்ட தாள்கள். வக்கீலம்மா அனுப்பிய பதில்கள், தேதி வரிசையில். அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, தான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காராமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். அதுக்கு வச்சிருந்த முன்பணத்தத்தான் உங்க குடைக்கும் ஏணிக்கும் குடுத்துட்டு இருக்கேன். உங்க மாமா பையன் சும்மா எழுதறான். என் வக்கீல் சும்மா படிக்க மாட்டாங்க. படிக்கக் காசு, பதில் எழுதக் காசு, சேந்துச்சான்னு கேக்கக் காசு. பதினொண்ணையும் இப்பவே கேளுங்க. ஒண்ணு விடாம சொல்றேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உண்மையிலேயே தெரியாதவர் முகம்தான் அது. "ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வாங்கறாங்களா? எவ்வளவு?"

சொன்னாள்.

"அது ஜாஸ்தியாச்சே. பேசிக் குறைக்கலயா நீ? மத்த வக்கீலுங்ககிட்ட விசாரிச்சியா? பில்லு இருக்கா, காட்டு," என்று கையை நீட்டினார்.

அந்த நீட்டின கையைப் பார்த்ததும் அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. தீ வைத்தவனே வந்து தண்ணீர்ச் செலவை விசாரிக்கிறான். அப்படியே எழுந்து போய்விட வேண்டும் என்றிருந்தது. போனால் பதினொன்று பெருக்கல் மூன்று. உட்கார்ந்தே இருந்தாள்.

"பில்லு இருக்கட்டும். முதல் கேள்வி ஏணி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கேட்டார், அவள் சொன்னாள். ஏணி மேல்வீட்டில் இருக்கிறது, பெயிண்ட் அடிக்கக் கேட்டார்கள், கடைசிப் படி அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சாவி அலமாரிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, அதனால்தான் எப்போதும் இரண்டுதான். குக்கர் வெயிட் தெரியாமல் வந்துவிட்டது, அக்கா குக்கருக்கு அது பொருந்தவில்லை. குடையைப் பஸ்ஸில் கம்பியில் மாட்டியிருந்தாள், பெரிய மழை, பக்கத்தில் ஒரு பெண் நனைந்த குழந்தையோடு நின்றாள், இறங்கும்போது அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினாள்.

"அப்ப தொலையல. குடுத்திருக்க," என்றார்.

"ஆமா. குடுத்தேன்."

"சொல்லவே இல்லையே."

பதினொன்றும் முடிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் தளர்ந்துகொண்டே வந்ததை அவள் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று புரிந்தபோது அவளுக்குத் திக்கென்றது.

கிளிப் போட்ட தாள்களை அவர் தட்டினார். "இதுல ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்துச்சு. 'எமது கட்சிக்காரர் பணிவுடன் தெரிவிப்பதாவது'ன்னு. இங்க இருந்தப்ப கேட்டா ஒண்ணுக்கும் வராது. சரி, லெட்டர் போட்டாலாவது வருதேன்னு..." தாள்களின் ஓரத்தைச் சரிசெய்தார். பிறகு, "பணிவுடன்னு வேற எழுதியிருந்த," என்றார்.

"அது வக்கீல் ஆபீஸ்ல எல்லாருக்கும் போடறது."

"ஓ."

ஆக, இத்தனை கால் மணியும் இதற்குத்தான். அவளை ஓய வைக்க வேண்டும், பணத்தைக் கரைக்க வேண்டும் என்று அவர் திட்டம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டிவிடலாம். பேச்சுத்துணைக்கு எழுதியிருக்கிறார். துணைக்கான செலவு அவள் தலையில். பாவம் என்று தோன்றியது, தோன்றியதற்காகவே இன்னும் ஆத்திரம் வந்தது. பையிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் முதல் பிரதியை எடுத்து ஒரு பக்கம் விடாமல் படித்தார். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டிய இடத்துக்கு மேல், அழகான கையெழுத்தில் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார். ஆபீஸில் எந்த அறிக்கையில் கையெழுத்திட்டாலும் அவர் முதலில் எழுதுவது அதுதான். இப்போது ஒத்துக்கொண்டாலும் நாளைக்கு மாற்றிக்கொள்வேன் என்று அதற்கு அர்த்தம்.

அவள் எழுந்தே விட்டாள். "என்ன எழுதறீங்க? இத எடுத்துட்டுப் போனா திரும்ப டைப் பண்ணணும், திரும்பப் படிக்கணும், இதுக்கு ஒரு லெட்டர் வேற."

அவர் தான் எழுதியதைத் தானே எட்டிப் பார்த்தார். "கை பழக்கம்," என்றார். நிஜமாகவே கூசிப்போயிருந்தார்.

"கெட்டது உங்க காப்பியா இருக்கட்டும். மத்த ரெண்டுலயும் வெறும் கையெழுத்து. வேற ஒரு எழுத்து எழுதக் கூடாது."

இரண்டாவது பிரதியை அவர் பக்கம் நகர்த்தி, எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பேனாவை வைத்தார், எடுத்தார். "இது போட்டாச்சுன்னா அப்புறம் லெட்டர் எதுவும் கிடையாதா?"

"கிடையாது."

"மாமா பையன் மூலமாக்கூட?"

"எதுக்கு? கேக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லையே."

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதிலும் போட்டார். மை காயட்டும் என்று இரண்டையும் மேசையில் அகலமாகப் பரப்பி வைத்தார். அவள் காயும் வரை பொறுக்காமல் எடுத்து உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். முடிந்தது. அச்சகத்து மாடிக்கு நாளைக் காலையிலேயே சொல்லிவிடலாம். கடைக்குப் போவதற்கு முன்பே பணத்தைக் கொடுத்துவிடலாம். மனது லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"வரேன்," என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது. போறேன் என்று மாற்றிச் சொல்லவும் தோன்றவில்லை.

வாசலில் ஒரு செருப்பு நேராகக் கிடந்தது, இன்னொன்று வரும்போது உதறிய வேகத்தில் கவிழ்ந்திருந்தது. நேராகக் கிடந்ததில் காலை நுழைத்தாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"நான் உங்கிட்ட என்னதான் கேட்டிருக்கணும்?"

குரலில் ஆபீஸ் இல்லை. தாள் எதையும் பார்க்கவில்லை. இதற்கு முன்பு வந்த எந்தக் கடிதத்திலும், எந்த எண்ணிலும் இந்தக் கேள்வி இல்லை. வந்திருந்தால் எத்தனை கால் மணி ஆனாலும் கட்டியிருப்பாள். கடன் வாங்கியாவது கட்டியிருப்பாள். இப்போது, கையெழுத்தெல்லாம் பைக்குள் போன பிறகு, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத நேரத்தில், இலவசமாகக் கேட்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. அதற்குப் பின்னால், இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஒரு காலில் செருப்போடு நின்றபடி, மற்ற காலின் கட்டைவிரலால் கவிழ்ந்து கிடந்த செருப்பை மெல்ல நிமிர்த்தினாள். நிமிர்த்திவிட்டு, அதில் காலை நுழைக்காமல், வெறும் பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றாள்.